அழைப்பு வராத காலைகள்

1

செப்டம்பரில் புதிய மாணவர்கள் வந்ததும் எங்கள் துறையில் எனக்கென்று ஒதுக்கும் வகுப்பு ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம். தலைப்பு, 'மதிப்பீடும் கற்றலும்'. மூன்று ஆண்டுகளாக அதே படங்களைத் திரையில் ஓட்டி, அதே இடத்தில் அதே வேடிக்கையைச் சொல்லி, அந்த வகுப்பை எடுத்து வந்தேன். மாணவர்கள் சிரிப்பார்கள், குறிப்பு எடுப்பார்கள், போய்விடுவார்கள்.

இந்த ஆண்டு வகுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சக்குபள்ளத்திலிருந்து முத்துலட்சுமி அழைத்தாள்.

"வசந்தா, நான் முத்து பேசுறேன்டி. ஒண்ணும் பயப்படாத. ஆஸ்பத்திரில இருந்து வந்துட்டேன்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைக்காமலே போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"என்னாச்சு?"

"மருந்தடிச்ச காட்டுக்குள்ள போயிட்டோம். நானும் இன்னும் நாலு பேரும். எனக்குத்தான் கூடப் போச்சு. வாந்தி, வேர்வை, கண்ணு ரெண்டும் தெரியல. அஞ்சு நாளு வச்சிருந்து அனுப்பிட்டாக."

"காலைல போன் வரலையா?"

"வரல. அதான் போனோம்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து அவளே விளக்கினாள்.

"வரலைன்னா அடிக்கலைன்னுதான அர்த்தம்? நீதான சொல்லிக் குடுத்த."

அதில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் நான் மறந்ததை அவள் எடுத்துக் கொடுப்பாளே, அப்படிச் சொன்னாள்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யார், அந்த போன் என்ன என்று சொல்ல வேண்டும்.

எல்லைக்கு அப்பால் மலையாள மலையில், சக்குபள்ளம் பஞ்சாயத்தில், ஓர் ஏலத்தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவள் நான். தோட்டத்தின் பெயர் வேண்டாம். முத்துலட்சுமியும் நானும் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பிறகு அவள் காயெடுக்கப் போனாள். நான் கம்பத்துக்குப் படிக்கப் போனேன், அங்கிருந்து கோவை, அங்கிருந்து வேலை, கல்யாணம், நெதர்லாந்து. இங்கே வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. என் கணவர் மீனாட்சிபுரத்துக்காரர். எங்கள் மகள் நிலாவுக்குப் பதினொரு வயது. அவள் இங்கேதான் பிறந்தாள்.

குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். நான் எடுத்துக்கொண்ட முறைக்கு வடிவமைப்பு அறிவியல் என்று பெயர். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுவதோடு நிற்காமல், ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு அதைத் தீர்க்க ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். செய்ததை உண்மையான மனிதர்கள் கையில் கொடுக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று மதிப்பிட வேண்டும். அதிலிருந்து என்ன கற்றோம் என்று எழுத வேண்டும். பிறகு திருந்தியதைச் செய்ய மறுபடி முதலுக்குப் போக வேண்டும். பாடப்புத்தகத்தில் இதை ஒரு வட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டிருப்பார்கள்.

எனக்குச் சிக்கல் தேட வேண்டியிருக்கவில்லை. ஏலச்செடி ஆளை விட உயரம். காய் அடியில், தரையை ஒட்டிக் கிடக்கும். பெண்கள் குனிந்தும் உட்கார்ந்தும் நகர்ந்து நகர்ந்துதான் பறிக்க வேண்டும். தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் காடு என்றுதான் சொல்வோம். முதல் நாள் மருந்து அடித்த காடு என்றால், ஈர இலை முகத்திலும் கழுத்திலும் உரசிக்கொண்டே இருக்கும். தலைசுற்றல், வாந்தி, தோல் உரிதல். என் அம்மாவுக்கு அது இருந்தது. முத்துவுக்கும் இருந்தது.

நான் செய்தது ஒரு தொலைபேசி ஏற்பாடு. மருந்து அடித்த அன்று மாலை சூப்பர்வைசர் தன் போனில் காட்டின் எண்ணைப் பதிவு செய்வார். மறுநாள் காலை ஆறரைக்கு எல்லாத் தொழிலாளர்களின் போனும் ஒலிக்கும். "நேற்று ஏழாம் நம்பர் காட்டில் மருந்து அடித்திருக்கிறார்கள். நாளை மறுநாள் வரை உள்ளே போக வேண்டாம்" என்று ஒரு குரல் சொல்லும். அந்தக் குரல் என்னுடையதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும், சாதாரண போனிலும் வரும்.

மருந்து அடிக்காத நாளில் அழைப்பு இருக்காது. வீணாக எதற்குத் தொந்தரவு என்று நான்தான் அப்படி முடிவு செய்தேன். தினமும் ஒலித்தால் மக்கள் எடுக்காமல் விட்டுவிடுவார்கள் என்று அதற்கு ஆதாரமும் தேடி எழுதினேன். முத்து அன்று சொன்னது அந்த முடிவைத்தான்.

3

மதிப்பீட்டுக்காக ஒரு காயெடுப்புப் பருவம் முழுவதும் ஊருக்குப் போய்ப் போய் வந்தேன்.

பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நான்கு பக்கம். தமிழில் ஒன்று, தோட்ட அலுவலகத்துக்காக மலையாளத்தில் ஒன்று. பெண்கள் அதை மலையாளத்தில் 'சம்மதபத்ரம்' என்றார்கள், மகளின் மேற்படிப்புக்கும் பேங்குக்கும் கையெழுத்துப் போட்ட பழக்கத்தில். "எந்த நேரத்திலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்" என்று நான் வாசித்தபோது ஒருத்தி கேட்டாள்.

"எதுல இருந்துக்கா, தோட்டத்துல இருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து முகங்கள் வரைந்திருக்கும், அழுகிற முகத்திலிருந்து வாய் கொள்ளாமல் சிரிக்கிற முகம் வரை. பெண்கள் எல்லாக் கேள்விக்கும் கடைசி முகத்தையே தொட்டார்கள். எனக்கே கூச்சமாகப் போய், முத்துவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன்டி எல்லாத்துக்கும் இதையே தொடுறீங்க? பிடிக்காதது ஒண்ணுகூடவா இல்ல?"

"நீ வந்து கேட்டா வேற எந்த மூஞ்சியடி தொடச் சொல்லுத?" என்றாள்.

அதையும் எழுதி வைத்தேன். 'பதிலளிப்போரின் பரிவு' என்று ஒரு வரி, குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ். குறைபாடுகளுக்கு என்று தனி இடம் இருப்பது பெரிய வசதி. அங்கே கொண்டுபோய் எழுதிவிட்டால் மனசு லேசாகிவிடும்.

பேட்டிகளைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். சென்னையில் வளர்ந்த பையன், தோட்டம் பார்த்ததில்லை. மருந்து என்று வந்த இடத்தில் எல்லாம் நோய்க்குச் சாப்பிடும் மருந்து என்றே மாற்றியிருந்தான். இறுதித் தேர்வுக்கு முந்தைய கூட்டத்தில் ஒரு பேராசிரியர் மிகுந்த அக்கறையோடு கேட்டார். "இந்தப் பெண்கள் சிகிச்சைக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்? இது மூட நம்பிக்கையா?" பூச்சியைக் கொல்வதையும் நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம் என்று விளக்க எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. விளக்கி முடித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மற்றபடி எல்லாம் நன்றாகவே இருந்தது. அழைப்புகள் நேரத்துக்குப் போயின. மருந்து அடித்த காட்டுக்குள் ஆட்கள் போவது குறைந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஆய்வேடு என்று துறையில் ஒரு கண்ணாடிக் கட்டியில் என் பெயரைச் செதுக்கிக் கொடுத்தார்கள்.

ஆய்வு முடிந்ததும் தோட்ட நிர்வாகத்திடம் ஏற்பாட்டை ஒப்படைத்தேன். எப்படி நடத்துவது என்று மலையாளத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுத்தேன். இங்கே திரும்பி வந்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பங்கேற்றவர்களின் போன் எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் அழித்துவிட்டேன், இனி அவற்றைப் பார்க்க எனக்கு வழியில்லை என்று உறுதி கூறும் படிவம். சட்டம் அது. அவர்களுடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். நானும் மனப்பூர்வமாகத்தான் கையெழுத்துப் போட்டேன். அதனால், அழைப்புகள் எப்போது நின்றன என்பது எனக்குத் தெரியாமலே போனது.

4

"எத்தனை நாளா வரல முத்து?"

"சித்திரைக்கு அப்புறம் வரவே இல்லன்னு நெனக்கேன். மேனேஜர் மாறுனாருல்ல, அப்பம் இருந்தே இல்ல போல. மழ பெய்யுது, மருந்து கம்மியா அடிக்காக போலன்னு நாங்க இருந்துட்டோம்."

நான்கு மாதம். நான்கு மாதமாக ஒவ்வொரு காலையும் போன் ஒலிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அவர்கள் நிம்மதியாகக் காட்டுக்குள் போயிருக்கிறார்கள்.

ஏற்பாடு பழுதானால் என்ன ஆகும் என்று நான் சோதித்திருந்தேன். சர்வர் நின்றால், மின்சாரம் போனால், சிக்னல் இல்லாவிட்டால் என்று ஒரு முழு அத்தியாயமே உண்டு. எல்லாச் சோதனையிலும் கேள்வி, அழைப்பு மறுபடி எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்பதுதான். அது வராமலே போனால் அந்த அமைதியை ஒரு பெண் என்னவென்று புரிந்துகொள்வாள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

"முன்னாடி, போன் வாரதுக்கு முன்னாடி, நீங்க எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை ஆய்வின் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கருப்பசாமி அண்ணன் தட்ட போடுவாருல்ல."

"என்ன தட்டை?"

"ஏலத்தட்டடி, செடித் தண்டு. மருந்தடிச்சு முடிச்சுட்டு வெளிய வாரப்ப ஒரு பச்சத் தட்டய ஒடிச்சு நடபாதைல குறுக்காம போட்டுட்டு வருவாரு. அதப் பாத்தா நாங்க உள்ள போக மாட்டோம். சூப்பர்வைசர் கத்துவாரு. 'அங்கன பாருங்க சார், தட்ட கெடக்கு'ன்னு காட்டுவோம். அவரு மொனங்கிக்கிட்டே வேற காட்டுக்கு அனுப்புவாரு. நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். சின்ன வயதிலும் பார்த்திருக்கிறேன், ஆய்வுக்குப் போனபோதும் பார்த்திருக்கிறேன். அன்று மாலை பழைய கோப்புகளைத் தேடினேன். ஆட்களின் பேச்சும் எண்களும் அழிந்துவிட்டன, ஆள் இல்லாத படங்கள் மட்டும் இருந்தன. அவற்றில் ஒன்றில் நடபாதை, பாதையின் குறுக்கே ஒரு பச்சைத் தட்டை. எந்தக் காடு என்று அடையாளம் வைக்கத்தான் அந்தப் படத்தை எடுத்திருந்தேன். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் 'தற்போதைய நிலை' என்ற தலைப்பின் கீழ் இப்படி எழுதியிருக்கிறேன்: 'தொழிலாளர்களை எச்சரிக்க முறையான ஏற்பாடு எதுவும் இல்லை.'

கருப்பசாமி அண்ணனையும் பேட்டி எடுத்தேன். மருந்தடிக்கும் ஆட்களில் மூத்தவர் அவர். அவர் சொன்ன ஒரு வரியை ஐந்தாம் அத்தியாயத்தில் பெருமையாக எடுத்துப் போட்டிருக்கிறேன். "இப்பல்லாம் நான் ஒண்ணும் சொல்லுறது இல்லம்மா, அதான் போன் சொல்லுதுல்ல." புதிய ஏற்பாட்டை மக்கள் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று என்று அதன் கீழே என் விளக்கம் இருக்கிறது.

அவர் தட்டை போடுவதை நிறுத்தியதைத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அதைக் குறித்துக்கொண்டு நன்றி சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

5

மறுநாளிலிருந்து என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். வரிசையாகச் சொல்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தின் புது மேனேஜருக்கு எழுதினேன். அந்த ஏற்பாடு முந்தைய நிர்வாகத்தின் காலத்தது, பரிசீலித்து வருகிறோம் என்று மரியாதையாக மூன்று வரியில் பதில் வந்தது. அடுத்து எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை.

நானே இங்கிருந்து அழைப்பை மறுபடி தொடங்கலாம் என்று யோசித்தேன். அதற்கு இரண்டு நாள் வேலை போதும். ஆனால் எந்தக் காட்டில் மருந்து அடித்தார்கள் என்பதைத் தோட்டம் சொன்னால்தான் அந்தக் குரலுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஊரில் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையான மனிதர். பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படித்த மலையாளத்தில் ஆரம்பித்தேன். பதின்மூன்று வருடத்தில் அது துருப்பிடித்துப் போயிருந்தது. வார்த்தை கிடைக்காத இடத்தில் எல்லாம் டச்சு வார்த்தை வந்து நின்றது. புகார் என்பதற்குப் 'பராதி' என்று சொல்ல வேண்டியதை 'அபேட்ச' என்று சொல்லிவிட்டேன். அது விண்ணப்பம்.

"பராதியாணோ, அபேட்சயாணோ மேடம்?" என்று அவர் நிதானமாகக் கேட்டார்.

எனக்கு உண்மையிலேயே அந்தக் கணம் தெரியவில்லை. யார் மேல் புகார்? தோட்டத்தின் மேலா, என் மேலா? பிறகு சமாளித்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாதிக்கப்பட்ட தொழிலாளியே எழுதிக் கொடுத்தால் உடனே விசாரிக்க வருவோம் என்றார். சரியான பதில்தான்.

முத்துவிடம் சொன்னேன்.

"நான் குடுக்க மாட்டேன்டி" என்றாள். "வீம்புக்குச் சொல்லல. எழுதிக் குடுத்தா நாளைக்கு வேலைக்குப் போற ஜீப்புல ஏத்த மாட்டாக. நான் மட்டும்னா பரவால்ல. எங்க ஊட்ல மூணு பேரு அந்தத் தோட்டம்தான்."

"சரி, கருப்பசாமி அண்ணன்கிட்டயாவது சொல்லு. பழையபடி தட்டை போடச் சொல்லு."

"அவரு எங்க இருக்காரு? போன வருசமே போடிக்கு மக ஊட்டுக்குப் போயிட்டாரு. இப்பம் மருந்தடிக்கது எல்லாம் ஹிந்திக்காரப் பையங்க. வாரத்துக்கு ஒரு செட்டு வருது."

"அவங்ககிட்ட?"

"சொல்லாம இருப்பமா? கையக் கால ஆட்டிச் சொன்னோம். தட்டய ஒடிச்சுப் போட்டே காமிச்சோம். என்னமோ வெளாட்டுன்னு சிரிக்கானுக பாவம். அவனுக மூஞ்சிலயே ஒரு துணி இல்ல வசந்தா. அதப் பாத்துட்டு அவனுகட்ட போயி என்னத்தச் சொல்லுறது."

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "அதுக்கு நீ என்ன புள்ள பண்ணுவே? நீயா போயி மருந்தடிச்சே?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நிலா வரவேற்பறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தமிழில் பாதிதான் அவளுக்குப் புரியும். புரிந்த பாதியை வைத்துக்கொண்டு வந்து கேட்டாள்.

"அம்மா, அந்த ஆன்ட்டி மருந்து எடுத்தும் ஏன் ஹாஸ்பிடல் போச்சு? மருந்து நல்லா ஆக்கும்தானே?"

விளக்கினேன். பேராசிரியருக்கு விளக்கிய அதே விளக்கம்தான். அவள் கேட்டுவிட்டு, "அப்ப அதுக்கு வேற பேர் வைக்கலாம்ல?" என்றாள். பிறகு டச்சு மொழியில் ஏதோ தனக்குள் சொல்லிக்கொண்டே பென்சில் சீவப் போனாள்.

6

வகுப்பு நாள் வந்தது. பழைய படங்களைத் திறக்கவில்லை. பலகையில் அந்த வட்டத்தை வரைந்தேன். சிக்கல், வடிவமைப்பு, செயல்பாடு, மதிப்பீடு, கற்றல், பிறகு திரும்பிப் போகும் அம்பு. பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன். தட்டையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒரு செடியின் தண்டு, பாதையின் குறுக்கே, அவ்வளவுதான் என்று சொன்னேன்.

"நான் செய்ததைத்தான் அளந்தேன். நான் செய்ததால் அங்கே ஏற்கெனவே இருந்த எது நின்றது என்று அளக்கவில்லை. நான் போன பிறகு என்ன ஆகும் என்றும் அளக்கவில்லை. மதிப்பீட்டுக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. அவர்களுக்கு அப்படித் தேதி எதுவும் இல்லை."

முன் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். குடும்பம் இந்தோனேசியாவிலிருந்து வந்தது என்று முதல் நாள் அறிமுகத்தில் சொல்லியிருந்தாள்.

"இதைக் கற்றுக்கொண்டீர்கள். சரி. இந்தக் கற்றலை அவர்களுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பீர்கள்?"

பலகையைப் பார்த்தேன். திரும்பிப் போகும் அம்பைச் சுண்ணக்கட்டியால் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வரைந்திருந்தேன், ஏன் என்று தெரியவில்லை. அந்த அம்பு வழியாகப் போக எனக்கு ஒரு மேனேஜரின் சம்மதம் வேண்டும். முடிந்துபோன திட்டம் ஒன்று மறுபடி திறக்க வேண்டும். வேலை போகும் என்ற பயம் இல்லாமல் ஒருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும்.

"தெரியவில்லை" என்றேன். அவள் காத்திருந்தாள். இன்னும் ஏதோ சொல்வேன் என்று நினைத்திருப்பாள். வேறு கேள்விக்குப் போய்விட்டேன்.

என் நெறியாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உயரமான, நரைத்த, நல்ல மனசுள்ள பெண்மணி. வெளியே நடைபாதையில் என் தோளைத் தொட்டு, "மிக நேர்மையான வகுப்பு. இதை ஒரு கட்டுரையாக எழுது வசந்தா. துறைக்கு மிகவும் தேவைப்படும் படிப்பினை" என்றார். திட்டத்தை மறுபடி திறக்க முடியுமா என்று கேட்டேன். அதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், நிதி கேட்பதற்கான அடுத்த அழைப்பு வசந்த காலத்தில், தோட்டத்தின் ஒப்புதல் கடிதம் இணைக்க வேண்டும் என்று அன்பாக எடுத்துச் சொன்னார்.

யாராவது ஒருவர் என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மேனேஜர், அதிகாரி, நெறியாளர், முத்து, ஒருவர்கூட ஒரு கடுமையான சொல் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள்.

ஆய்வேட்டையாவது திருத்தலாம் என்று நூலகத்துக்கு எழுதினேன். பொதுவில் கிடைக்கிறது, யாரோ எடுத்து வேறொரு நாட்டில் வேறொரு தோட்டத்தில் இதையே செய்துவிடக் கூடாது என்பது என் பயம். ஏற்கப்பட்ட ஆய்வேட்டின் உள்ளே எதையும் மாற்ற முடியாது, பிழை இருந்தால் மட்டும் முன்னால் ஒரு தாள் சேர்க்கலாம் என்று ஒரு படிவம் அனுப்பினார்கள். முதல் கேள்வி: ஆய்வில் அளந்து வெளியிட்ட முடிவுகளில் தவறு உள்ளதா? ஆம் அல்லது இல்லை.

ஒவ்வொரு அட்டவணையாகத் திறந்து பார்த்தேன். அழைப்புகள் போனது உண்மை. எடுத்தது உண்மை. அந்தப் பருவத்தில் காட்டுக்குள் போனவர்கள் குறைந்தது உண்மை. அவர்கள் சிரிக்கும் முகத்தைத் தொட்டது உண்மை. தவறு என்று காட்ட ஓர் எண்கூட இல்லை.

'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அப்படியானால் இந்தப் படிவம் உங்களுக்குப் பொருந்தாது என்று திரை சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

7

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானே முத்துவை அழைத்தேன். ஊரில் சாயங்காலம். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

முதலில் நிலாவிடம் பேச வேண்டும் என்றாள். போனைக் கொடுத்தேன். "வணக்கம் ஆன்ட்டி. நான் நல்லா இருக்கு. நீங்க நல்லா இருக்கா?" என்று நிலா ஒப்பித்தாள். அந்தப் பக்கம் முத்து விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது. இன்னும் இரண்டு வாக்கியம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். நிலாவுக்குப் புரியவில்லை. "அம்மா பேசும்" என்று சொல்லி என்னிடம் நீட்டிவிட்டு ஓடினாள்.

"கண்ணு எப்படி இருக்கு?" என்றேன்.

"சாயங்காலம் ஆனா மங்கிப் போகுது. ஊசில நூலு கோக்க முடியல. சரியாயிரும்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"வேலைக்கு?"

"போயிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு வாரம் ஆச்சு."

நான் ஒரு விஷயம் கேட்கலாமா என்றேன். கேளு என்றாள். கேள்வித்தாள் இல்லை, முகங்கள் இல்லை. "அந்த போன் ஏற்பாடு வந்தது நல்லதா, வராம இருந்திருந்தா நல்லதா? எனக்காகச் சொல்லாத. உண்மையச் சொல்லு."

அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"வந்தப்ப நல்லாத்தான்டி இருந்துச்சு" என்றாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். தட்ட கெடந்தப்ப அதக் காட்டி நாங்க சூப்பர்வைசர்ட்ட பேசுனோம். போன் வந்தப்புறம், 'போன்ல வரலல்ல, பெறகென்ன, உள்ள போங்க'ன்னு அவரு எங்ககிட்டப் பேச ஆரம்பிச்சாரு. அப்பமே வந்துருச்சு அது. போன் நல்லா வேல செஞ்சப்பவே."

"அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலயே."

அவள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து நான் புரிந்துகொண்டேன். சூப்பர்வைசர் சில நாள் மருந்து அடித்தும் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார். என் அட்டவணையில் அந்த நாள்கள் மருந்து அடிக்காத நாள்கள் என்று கிடக்கின்றன. அப்படி எத்தனை நாள் என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பதிவுகளை நான்தான் அழித்தேன்.

"முத்து, இப்ப எப்படிப் பாத்துட்டுப் போறீங்க?"

"வாசம் புடிச்சுத்தான். கிட்டப் போனா நெடி வரும்."

"நெடி வந்தா?"

"மூக்க மூடிக்கிட்டு ஓரமா எடுப்போம். வெயிலு ஏறுனா கொறஞ்சுரும்."

"போகாம இருக்க முடியாதா?"

"என்னத்தக் காட்டிப் போகாம இருக்கது?"

வெளியே மழை பெய்யத் தொடங்கியது. என் கணவர் நிலாவின் சைக்கிளை உள்ளே எடுத்து வைத்தார். முத்து சோறு வடிக்க வேண்டும், அப்புறம் பேசலாம் என்றாள்.

"நாளைக்கு எந்தக் காடுடி?" என்று கேட்டேன். கேட்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"போனாத்தான்டி தெரியும்" என்றாள்.